ஒரு பக்கத்துக்குள்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றார் தலைமையாசிரியை.
போன வருடம் நான் அறிக்கை வாசிக்கையில்
சிறப்பு விருந்தினர் விட்ட கொட்டாவியை
மஞ்சக்குப்பமே பார்த்ததாம்.

சரி. எழுதுகிறேன்.
'ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அறுபத்திரண்டு பேர்
நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்தனர்.'

போனது மெய்.
குறிஞ்சிப்பாடி வருவதற்குள்
வாங்கிய எலுமிச்சம்பழம் தீர்ந்ததும் மெய்.
கம்பிவேலிக்கு அந்தப்புறம்
படிப்படியாக இறங்கிப் போயிருந்தது பூமி.
அடியில் ஓர் இயந்திரம்;
உங்கள் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது என்றார் சுற்றிக்காட்டியவர்.
எங்கள் கண்ணுக்கு
ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம் போலிருந்தது.

சந்தேகம் இருந்தால் கேளுங்கம்மா.

குடிகாட்டிலிருந்து வருகிற மோகனவல்லி கேட்டாள்:
"எல்லாத்தையும் எடுத்து முடிச்சப்புறம்
இந்தப் பள்ளத்த எங்க சார் வைப்பீங்க?"

சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.
அவர் மட்டும்
மஞ்சள் தொப்பியைக் கழற்றி
உட்பக்கம் எதையோ தேடினார்.
வடலூர், குறிஞ்சிப்பாடி, கேப்பர் மலை இறக்கம்,
வழி நெடுக
டிக்கெட் எடுக்காமல் எங்களோடு வந்தது
அந்தப் பள்ளம்.

அடுத்த பத்தி.
'தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆற்றிய உரை
மாணவியரைப் பெரிதும் கவர்ந்தது. கரவொலி எழுந்தது.'

கரவொலிக்கு நானே சாட்சி.
இலக்கு, இலக்கு என்று அவர் பதினான்காம் முறை சொல்லும்போது
(கடைசி வரிசையில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்)
மைக் செத்தது.
அவர் நிறுத்தவில்லை.
மீன்தொட்டி மாதிரி வாய் மட்டும் அசைய
வெளியே கார்த்திகை மழை.
யாரையும் கேட்காமல் எழுந்தாள் பதினொன்றாம் வகுப்பு நிலோஃபர்.
முதுநகரில் அவள் அத்தாவுக்கு
பந்தல், சீரியல் லைட், மைக் செட் வாடகைக் கடை.
மேடைக்குப் பின்னால் குந்தினாள்,
சடையிலிருந்து ஊசியை உருவினாள்,
திருகாணியைக் கழற்றி, ஒயரைப் பல்லால் சீவி,
முறுக்கி, செருகி,
நிமிர்ந்தாள்.
"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..."
கல்யாண வீட்டு ஆண்குரல் அப்படியே.

கூரை அதிர்ந்தது.
தனக்கென்று நினைத்து
கைகூப்பினார் பேச்சாளர்.

சாதனைகள்.
'மாவட்ட அளவில் குண்டு எறிதல், இரண்டாம் இடம்:
பத்தாம் வகுப்பு பூவரசி.'
சான்றிதழில் செல்வன் பூவரசன் என்று வந்தது.
திருத்திவர அந்த அலுவலகத்துக்கு மூன்று நடை போனேன்.
முதல் நாள் பிரிவு எழுத்தர் விடுப்பு,
மறுமுறை பிரிண்டரில் மை இல்லை,
மூன்றாம் முறை, "பேரைப் பார்த்தா பையன் மாதிரிதானே மேடம்."
சோனங்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவளிடம்
வருத்தப்படாதே என்று ஆரம்பித்தேன்.
அவள் தாளை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள்.
"பேரு கெடக்கட்டும் டீச்சர்.
மீட்டர் சரியா போட்டிருக்காங்களா, பாருங்க."

பக்கம் முடிந்துவிட்டது.
எழுத்தைச் சிறிதாக்கி, ஓரத்தைக் குறுக்கி
நன்றி வரிசையில்
மின்வாரியத்துக்கும் புகைப்படக்காரருக்கும் இடையில்
ஒலி அமைப்பு: நிலோஃபர், 11-சி
என்று நுழைத்தேன்.
தலைமையாசிரியை வட்டமிட்டார்.
அடிக்கவில்லை.
பள்ளத்துக்குத்தான் இடமே கிடைக்கவில்லை.

விழாவன்று
கரகரப்பில்லாத மைக்கில் வாசித்தேன்.
பத்து புள்ளி எட்டு நான்கு மீட்டர்:
ஒவ்வோர் எண்ணாக, அவசரமில்லாமல்.
சிறப்பு விருந்தினர் கொட்டாவி விட்டார்.
பின்வரிசையில் ஒருத்தி
சரி என்று தலையசைத்துவிட்டு
குனிந்து செருப்பு வாரை மாட்டினாள்.